ஆறாயிரம் பார் அழுத்தமும் ஒரு லாக்புக்கும்

பழச்சாற்றைச் சூடாக்காமலே கிருமி நீக்க ஒரு வழி உண்டு. சாற்றைப் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி மூடி, தண்ணீர் நிறைந்த எஃகுக் கலனுக்குள் போட்டு, கலனின் இரு வாயையும் அடைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை 6,000 பார் வரை அழுத்த வேண்டும். மூன்று நிமிடம் அப்படியே பிடித்து வைத்துவிட்டு இறக்கிவிடலாம். கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில்கூட அழுத்தம் 1,100 பார் அளவுதான். அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் வாங்கிய பாட்டில் நசுங்காமல் வெளியே வருகிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் அழுத்தினால் அது எந்தப் பக்கம் நசுங்கும்? உள்ளே இருந்தபோது சாறும் தண்ணீரும் ஏறத்தாழ 15 விழுக்காடு சுருங்கியிருக்கும். இப்போது பழைய அளவுக்கு வந்துவிட்டன. லிஸ்டீரியா, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களின் செல்சவ்வும் புரதங்களும் அதற்குள் குலைந்துபோயிருக்கும். வைட்டமின் சி, மணம் தரும் பொருள்கள் போன்ற சிறு மூலக்கூறுகள் பெரும்பாலும் தப்பிவிடும். சூடு பட்டாலே சுவை மாறிவிடும் இளநீர் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. பாக்டீரியா வித்துகள் மட்டும் இந்த அழுத்தத்துக்கு மசிவதில்லை. அதனால்தான் இப்படித் தயாரான பாட்டில்களைக் கடையில் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.

யோசனை பழையது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த பெர்ட் ஹைட், பாலை அழுத்தி வைத்தால் அது கெட்டுப்போகத் தாமதமாகிறது என்று 1899இல் எழுதினார். ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன், முட்டையின் வெள்ளைக்கருவை அழுத்தத்தால் மட்டுமே வேகவைத்ததுபோல் உறையச் செய்து 1914இல் கட்டுரை வெளியிட்டார். உயர் அழுத்த இயற்பியலுக்காக 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கடைக்கு முதலில் வந்த பொருள், ஜப்பானின் மெய்டி-யா நிறுவனத்தின் ஜாம். அது வந்த ஆண்டு 1990. இடையில் 90 ஆண்டுகள்.

இத்தனை தாமதம் ஏன் என்று கேட்டால், இயந்திரம்தான் பெரும் காரணம் என்பேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை அழுத்தம் ஏற்றி, இறக்கி, எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து, அடுத்த வாரம் மறுபடி ஏற்றலாம். ஆலையில் மணிக்கு எட்டுத் தடவை, இரண்டு ஷிப்டும், வருஷம் முழுக்க ஏற்றி இறக்க வேண்டும். 6,000 பாரைத் தாங்கும் எஃகைச் செய்வது ஒரு வேலை. அந்த எஃகை அப்படியே பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை. முன்னதைப் பற்றிப் புத்தகங்கள் நிறையப் பேசுகின்றன. பின்னது பராமரிப்புத் துறையின் பாடு. அதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் எவ்வளவு பெரிய விசையோடு மோதுகிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். 38 செ.மீ. உள்விட்டம் உள்ள கலன்கள் இந்தத் தொழிலில் சாதாரணம். அதன் வாயை அடைக்கும் ஒவ்வொரு அடைப்பானையும் 6,000 பார் அழுத்தம் ஏறத்தாழ 7,000 டன் விசையோடு வெளியே தள்ளும். ஈபிள் கோபுரத்தின் இரும்பு முழுவதும் சேர்ந்தே 7,300 டன்தான். திருகு மரை போட்டு இதை நிறுத்த முடியாது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் மாபெரும் எஃகுச் சட்டம் ஒன்று ஒவ்வொரு முறையும் நகர்ந்து வந்து கலனைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் சுருங்கும்போது சேமிக்கும் ஆற்றலும் சிறிதல்ல. 100 லிட்டர் கலனில் அது ஏறக்குறைய ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். தண்ணீருக்குப் பதில் வாயு இருந்தால் இது பல மடங்காகியிருக்கும்.

சுவரைத் தடிமனாக்கினால் போயிற்று என்று தோன்றும். அப்படி ஆகாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தந்த சமன்பாடு இதைக் காட்டிவிடுகிறது. தடித்த உருளையில் சுமை சுவர் முழுதும் சமமாகப் பரவுவதில்லை. உள்பரப்பில்தான் உச்சம், வெளியே போகப் போகக் குறையும். சுவரை முடிவில்லாமல் தடிமனாக்கினாலும், உள்ளழுத்தம் அந்த எஃகின் நெகிழ்வு எல்லையில் பாதியை எட்டும்போது உள்பரப்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். வெளியே சேர்த்த எஃகு வெறும் பார்வையாளர். ஆகவே பொறியாளர்கள் பீரங்கி செய்தவர்களிடம் போனார்கள். பீரங்கிக் குழாயின் மேல் சூடான வளையத்தை மாட்டி ஆறவிட்டால் அது சுருங்கி உள்குழாயை இறுக்கும். இன்னொரு வழி, குழாயை வேண்டுமென்றே ஒரு தடவை அதிகமாக அழுத்தி, உள்பரப்பைச் சற்றே இளகவைத்து விட்டுவிடுவது. வெளிச்சுவர் திரும்பி வரும்போது உள்சுவரை நிரந்தரமாக அமுக்கிக்கொள்ளும். இன்றைய பெரிய உணவுக் கலன்களில் பல, பட்டையான எஃகுக் கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்து இறுக்கிச் சுற்றியவை. ஓய்வில் இருக்கும்போதே உள்சுவர் அமுக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் 6,000 பாரில் தள்ளும்போது அந்த அமுக்கம் தளர்கிறது; சுவர் பெரிய இழுவிசையைக் காண்பதே இல்லை.

இந்த ஏற்பாடு எதற்கு என்பது உலோகச் சோர்வைப் பார்த்தால்தான் புரியும். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சின் அச்சு ஒன்று முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தன் சுமையை நன்றாகத் தாங்கிக்கொண்டு ஓடிய அச்சு ஒருநாள் திடீரென்று முறிவது ஏன் என்பது அன்றைய பொறியாளர்களைத் துளைத்த கேள்வி. பிரஷிய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைப் பல லட்சம் தடவை சுழற்றிச் சோதித்து, 1850களிலும் 60களிலும் விடை கண்டார்: ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறு சுமைகூட, திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் உடைத்துவிடும். எத்தனை தடவை என்பதே கேள்வி.

விமான உலகம் இதை மறுபடி கற்க நேர்ந்தது. 1954இல் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் நடுவானில் சிதறி விழுந்தன. காரணம் தேட, ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஒவ்வொரு பறப்புக்கும் சமமாக அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். பறந்தபோது பட்ட 1,221 தடவையும் தொட்டியில் பட்ட 1,836 தடவையும் சேர்ந்து 3,057இல் உடல் கிழிந்தது. அந்த விமான அறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இருந்த அழுத்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? அரை பாருக்குச் சற்று மேல். நம் சாறு இயந்திரத்தில் அதைப்போல் பத்தாயிரம் மடங்கு.

மணிக்கு எட்டுச் சுற்று, நாளுக்குப் பதினாறு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். பெருக்கிப் பார்த்தால் 38,400. மூன்று ஆண்டுகூட ஆகாமல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் இந்த இயந்திரத்தின் வயதை ஆண்டில் சொல்வதில் பொருளில்லை. ஐந்து வருஷமாகிறது, இரண்டு வருஷம்தான் ஆகிறது என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் தேய்மானக் கணக்குக்கு உதவும். எஃகுக்குத் தெரிந்தது சுற்று மட்டும். சீசனில் மூன்று ஷிப்ட் ஓடி, மற்ற மாதங்களில் சும்மா நிற்கும் ஆலையில் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்’ என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தால், அதை எழுதியவர் டூவீலர் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். எந்த எஃகிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு குறைகள் இருக்கும்: உருக்கும்போது சிக்கிய துகள், கடைசலில் விழுந்த கீறல். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறையின் நுனி மைக்ரான் கணக்கில், சில சமயம் அதற்கும் குறைவாக, முன்னேறுகிறது. அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ் இதற்கு ஒரு எளிய விதியை 1961இல் முன்வைத்தார். பெரிய ஆய்விதழ்கள் மூன்று அதைத் திருப்பி அனுப்ப, ஒரு பல்கலைக்கழகத்தின் சிற்றிதழில்தான் கட்டுரை முதலில் வந்தது. இன்று கலன்களில் விரிசல் வளர்வதைக் கணிக்க அந்த விதிதான் அடிப்படை. விரிசல் வளரும் வேகம், அதன் நுனியில் விழும் சுமை ஏற்ற இறக்கத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் கூடுகிறது என்பது எஃகுக்கு அது சொல்லும் சேதி. இதில் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, விரிசல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறியதாகவே, கண்டுபிடிக்க முடியாததாகவே கழிக்கிறது. கடைசிக் கொஞ்ச நாளில்தான் ஓடுகிறது. இரண்டாவது, அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தாலே ஆயுள் நிறையக் கூடும். கணக்கைச் சுருக்கிச் சொன்னால், 6,000 பாருக்குப் பதில் 5,500 பாரில் ஓட்டினால் விரிசல் வளர்ச்சி கால்வாசி போல் குறைந்து, ஆயுள் ஏறத்தாழ 30 விழுக்காடு நீளும். சாறு பாதுகாப்பானதா என்று சோதித்துச் சொல்லும் நுண்ணுயிரியலாளரும் கலன் தாங்குமா என்று பார்க்கும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது. பல ஆலைகளில் இவர்கள் சந்திப்பதே தணிக்கை நாளில்தான்.

கலன் இப்படி மௌனமாக வயதாகும்போது, மற்ற உறுப்புகள் சத்தம் போட்டுக்கொண்டு தேய்கின்றன. தண்ணீரை 6,000 பாருக்கு ஏற்றுவது ஒரு அழுத்தப் பெருக்கி. பெரிய பிஸ்டனைச் சில நூறு பார் ஹைட்ராலிக் ஆயில் தள்ளும். அதோடு இணைந்த மெல்லிய பிளஞ்சர் தண்ணீரைத் தள்ளும். பரப்பு இருபதில் ஒன்றானால் அழுத்தம் இருபது மடங்கு. உலோகத்தையும் கருங்கல்லையும் அறுக்கும் வாட்டர்ஜெட் இயந்திரத்தில் இருப்பதும் இதே பம்ப்தான். பிளஞ்சரைச் சுற்றியுள்ள சீல், தண்ணீரை ஒரே திசையில் விடும் செக் வால்வு, சுற்று முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிடும் வால்வின் ஊசியும் இருக்கையும், கலன் அடைப்பானின் சீல் வளையங்கள் ஆகியவைதான் தேயும் உருப்படிகள். ஒவ்வொன்றும் சில நூறு முதல் சில ஆயிரம் சுற்றுகள் வரை தாங்கும். இது வடிவமைப்பின் தோல்வி என்று நினைக்க வேண்டாம். அடைப்பானும் கலனும் ஒன்றோடொன்று உரசாமல், நடுவில் மென்மையான பிளாஸ்டிக் வளையமும் அதற்கு முட்டுக்கொடுக்கும் வெண்கல வளையமும் இருப்பதே, விலை குறைந்தது முதலில் சாகட்டும் என்பதற்காகத்தான்.

சிக்கல், விலை குறைந்தது செத்த பிறகும் இயந்திரத்தை ஓட்டுவதில் இருக்கிறது. 6,000 பாரில் இருந்து ஒரு மயிரிழைச் சந்து வழியாகத் தப்பும் தண்ணீர், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பாயும். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் மூன்று மடங்கு. வாட்டர்ஜெட் அறுப்பதும் இதே வேகத்தில்தான். சீலில் கசிவு தொடங்கியதும் அந்த நீர்க்கீற்று தனக்கான பாதையை எஃகிலேயே அறுத்துக்கொள்ளும். ஷிப்ட் முடியட்டும், லோடு முடியட்டும் என்று விட்டால், காலையில் ஒரு வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, மாலையில் அடைப்பானையே கடைசலுக்கு அனுப்பும் வேலையாகும். அந்தக் கோடு கலனின் உள்வாயில் விழுந்துவிட்டால் இன்னும் மோசம். பாரிஸின் விதி தேடிக்கொண்டிருக்கும் தொடக்கக் குறையை நாமே செதுக்கிக் கொடுத்தது போலாகும். சீல் பராமரிப்பு உண்மையில் கலன் பராமரிப்பாக ஆவது இந்த இடத்தில்தான்.

கசிவு உலகுக்கு நல்லது செய்த கதையும் ஒன்று உண்டு. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் எதிலீன் வாயுவை உயர் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தபோது கலனுக்குள் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கொஞ்சம் கிடைத்தது. திரும்பச் செய்ய முயன்றால் சரியாக வரவில்லை. 1935 டிசம்பரில் கருவி கசிந்து அழுத்தம் இறங்க, புதிதாக எதிலீனை ஏற்றினார்கள். அதில் இம்மியளவு கலந்திருந்த ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கி வைத்தது, பாலிதீன் பிறந்தது. இன்று உயர் அழுத்தக் கலனுக்குள் போகும் உணவுப் பைகள் பலவற்றில் அந்தப் பாலிதீன் ஏடு இருக்கிறது. அந்தக் கசிவைத் தவிர வேறு கசிவைப் பாராட்ட எனக்கு மனமில்லை.

உயர் அழுத்தக் குழாய் இணைப்பைக் கூர்ந்து பார்த்தால், அதன் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைக் குறைபாடு என்று நினைத்து அடைக்கப் பார்த்ததாகக்கூடச் சொல்வார்கள். அது வேண்டுமென்றே போட்டது. உள்ளே கூம்பு வடிவ முனை சரியாக உட்காராமல் கசிந்தால், தண்ணீர் மரைக்குள் அழுத்தம் சேர்த்துக்கொண்டு இணைப்பைப் பிய்த்தெறியாமல் இந்தத் துளை வழியாகச் சொட்டும். கம்பி சுற்றிய கலன்களிலும் உள்குழாய்க்கும் வெளியடுக்குக்கும் நடுவே கசிவு வெளியேற வழி வைப்பதுண்டு. விரிசல் உள்குழாயைத் தாண்டினால் வெடிப்பதற்கு முன் நனையும். இயந்திரத்தின் அடியில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டுப் போகும் பழக்கம் இந்தத் தொழிலுக்கு ஆகாது. எங்கிருந்து, எந்தச் சுற்றில், எத்தனை சொட்டு என்று எழுத வேண்டும்.

சொட்டு தெரிவதற்கு முன்பே இயந்திரம் வேறு வழிகளில் சொல்லிவிடும். நேற்று ஒரு லோடை 6,000 பாருக்கு ஏற்ற பெருக்கிக்கு எத்தனை அடி (ஸ்ட்ரோக்) ஆயிற்று, இன்று எத்தனை ஆகிறது? கூடினால் எங்கோ தண்ணீர் திரும்பி ஓடுகிறது. பெரும்பாலும் செக் வால்வு. கை படாத தூரத்திலிருந்து வெப்பமானியால் பார்த்தால் இன்னும் துல்லியமாகப் பிடிபடும். 6,000 பாரில் இருந்து சந்து வழியே வெளியேறும் தண்ணீர் தன் ஆற்றலை எல்லாம் வெப்பமாக மாற்றி, கொதிநிலையை எட்டும் அளவுக்குச் சூடாகிவிடும். மற்ற வால்வுகள் சில்லென்று இருக்க ஒன்று மட்டும் சுட்டால் குற்றவாளி அதுதான்.

பிடித்து வைக்கும் மூன்று நிமிடத்தில் அழுத்தம் இறங்குகிறதா என்பதும் ஒரு சாட்சி. ஆனால் இதைப் படிக்கக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். அழுத்தும்போது தண்ணீர் தானாகவே ஒவ்வொரு 1,000 பாருக்கும் இரண்டு மூன்று டிகிரி சூடாகும். உச்சத்தில் பதினைந்து டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். அந்தச் சூடு எஃகுச் சுவருக்குள் இறங்க இறங்கத் தண்ணீர் மேலும் சுருங்கி, கசிவே இல்லாமலும் அழுத்தம் சற்றுக் குறையும். முதலில் வேகமாக இறங்கிப் பிறகு சமனாகும் வளைகோடு வெப்பத்தின் கையெழுத்து. சமனாகாமல் இறங்கிக்கொண்டே போனால் அது சீலின் கையெழுத்து. நல்ல ஆபரேட்டர் இந்த இரண்டையும் திரையில் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார். அவரை இரவு ஷிப்டில் போட்டுவிட்டு, புது ஆளைப் பகலில் உட்கார வைக்கும் நிர்வாகங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ஆலைகள் அலட்சியமாக எடுத்துக்கொள்கின்றன. கலனில் நிற்பது வெறும் அழுத்த ஊடகம்தானே, போர்வெல் தண்ணீர் போதாதா என்ற கேள்வி எழும். குளோரைடு அதிகமான தண்ணீர், இழுவிசையில் இருக்கும் துருப்பிடிக்காத எஃகில் அரிப்பு விரிசலை உண்டாக்கும். சோர்வும் அரிப்பும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனியாகச் செய்வதைவிட வேகமாக வேலையை முடிக்கும். லோடில் ஒரு பாட்டில் உடைந்தால் எலுமிச்சை, மாதுளை என்று புளிப்புச் சாறு தண்ணீரில் கலக்கும். கழன்ற லேபிள் துண்டு செக் வால்வின் இருக்கையில் மாட்டும். மணல் துகள் சீலில் பதிந்து, அடுத்த ஆயிரம் சுற்றுக்கு உப்புத்தாள்போல் கலன் வாயைத் தேய்க்கும். பாட்டில் உடைந்த சுற்றுக்குப் பிறகு கலனைக் கழுவித் தண்ணீரை மாற்றுவது என்பதைப் பராமரிப்பு அட்டவணையில் சேர்க்காத ஆலையில், வடிகட்டி மாற்றும் நாளை மட்டும் சரியாகக் குறித்து வைத்து என்ன பயன்?

இதுவரை சொன்னதை வைத்து, அடிக்கடி பிரித்துப் பார்ப்பதே நல்ல பராமரிப்பு என்று தோன்றலாம். அங்கேதான் ஒரு முரண். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப் படையின் பராமரிப்புப் பதிவுகளை ஆராய்ந்த குழுவில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் இருந்தார். விமானத்தை 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை பிரித்துச் சோதிப்பது விதி. சோதனைக்குப் பிறகு பழுது குறைய வேண்டும் அல்லவா? பதிவுகள் நேர்மாறாகக் காட்டின. சோதனை முடிந்த கையோடு பழுதுகள் கூடி, நாள் போகப் போகக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே கெடுத்துக்கொண்டிருந்தது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்சின் நோலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை இன்னும் பெரிய அளவில் இதைக் காட்டியது. ஆராய்ந்த விமான உறுப்புகளில் 11 விழுக்காடு மட்டுமே வயதாக ஆகப் பழுதாகும் போக்குடையவை. 68 விழுக்காடு உறுப்புகளில், மாட்டிய புதிதில்தான் பழுது அதிகம்.

6,000 பாரில் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். கூம்பு முனை இணைப்பை ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் அதன் இருக்கை சற்று நசுங்குகிறது. புது சீலை மாட்டும்போது விரல் நகம் பட்ட கீறல், துடைத்த துணியின் நூல், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை மதிப்பில் போட்ட இறுக்கம், எல்லாமே அடுத்த ஐம்பது சுற்றுக்குள் தன் வேலையைக் காட்டும். அதனால் உறுப்புகளை இரண்டு சாதியாகப் பிரிக்க வேண்டும். கலன், சட்டம், உயர் அழுத்தக் குழாய் போன்றவை சுற்று எண்ணிக்கையால் உறுதியாக வயதாகுபவை. அவை நன்றாக இருப்பதுபோல் தெரிகிறதா என்பது பொருட்டல்ல, எண் வந்துவிட்டால் சோதிக்க வேண்டும், எல்லை வந்துவிட்டால் மாற்ற வேண்டும். செக் வால்வு, இறக்கும் வால்வு, பெருக்கிச் சீல் போன்றவை அறிகுறி காட்டுபவை. அடிகளின் எண்ணிக்கையும் சூடும் சரியாக இருக்கும்வரை கை வைக்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் பராமரிப்பு. கலன் வாயின் சீல் மட்டும் நடுவில் நிற்கிறது. அது அறிகுறி காட்டும், ஆனால் காட்டும்போது எஃகையும் வெட்டத் தொடங்கியிருக்கும். ஆகவே அதைச் சராசரி ஆயுளுக்குச் சற்று முன்பே, நன்றாக இருக்கும்போதே தூக்கிப் போடுவதுதான் சரி. ஸ்டோர் மேலாளர் இதற்காகக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. அழுத்தம் இருக்கும்போது இணைப்பை இறுக்குவதோ, கசிவைக் கையால் தடவித் தேடுவதோ கிடையாது. தோலைத் துளைக்க இந்த அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கே அதிகம். துளை ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். உள்ளே திசு கிழிந்து கிருமியோடு தண்ணீர் பரவியிருக்கும். அது உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம், கட்டுப்போட்டுக்கொண்டு ஷிப்டை முடிக்கும் காயம் அல்ல.

எண்ணிக்கையால் வயதாகும் கலனைச் சோதிக்கும் முறைகள் எல்லா ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கும் தெரிந்தவைதான். உள்பரப்பைத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசி, விரிசலுக்குள் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். சுவருக்குள் இருப்பதை மீயொலி அலை அனுப்பிப் பார்க்கலாம். எவ்வளவு இடைவெளியில் என்பதற்குத்தான் யோசனை வேண்டும். கருவி கண்டுபிடிக்கக்கூடிய மிகச்சிறு விரிசல், ஆபத்தான அளவுக்கு வளர எத்தனை சுற்று ஆகும் என்று பாரிஸின் விதியால் கணக்கிட்டு, அதில் பாதிக்குள் அடுத்த சோதனை வந்துவிட வேண்டும். ஒரு சோதனை தவறவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1997இல் உயர் அழுத்தக் கலன்களுக்கென்றே தனி விதித்தொகுப்பை வெளியிட்டது. சோர்வுக் கணக்கும் விரிசல் வளர்ச்சிக் கணக்கும் அதன் முதுகெலும்பு.

தண்ணீர் ஏற்றிச் செய்யும் ஹைட்ரோ டெஸ்டில் பாஸானால் போதும் என்பவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி. 1965 டிசம்பரில் இங்கிலாந்தில், அம்மோனியா ஆலைக்காகச் செய்த சுமார் 15 செ.மீ. சுவர்த் தடிமனுள்ள புத்தம் புதிய கலன் ஒன்று, தொழிற்சாலையில் வைத்து ஹைட்ரோ டெஸ்ட் செய்யும்போதே உடைந்தது. 2 டன் எடையுள்ள துண்டு ஒன்று பட்டறைச் சுவரைத் தாண்டி 46 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. வெல்டின் ஓரத்தில் இருந்த சிறு விரிசலும், குளிரில் முறுகலாகிப்போன எஃகும் காரணம். ஒரு தடவை அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது அந்த ஒரு தடவையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அதுவும் இப்படிச் சொல்லக்கூடும்.

இந்த இயந்திரங்கள் விலை அதிகம் என்பதால் பழையவை கைமாறுவதுண்டு. பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கட்டுப்பாட்டுத் திரை புதிதாக இருக்கும். வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது லாக்புக்கை: மொத்தம் எத்தனை சுற்று, எந்த அழுத்தத்தில், எந்தத் தண்ணீரில், சீல் எத்தனை தடவை கசிந்து எங்கே வெட்டியது. கணினி மாற்றியபோது சுற்றுகளை எண்ணும் கருவி பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது என்ற பதில் வந்தால், ஆய்வாளர் கலனின் உள்பரப்பு முழுவதையும் மீயொலியால் தடவிப் பார்ப்பார். எதுவும் தட்டுப்படாவிட்டாலும் விரிசல் இல்லை என்று எழுத மாட்டார். தன் கருவி காணத் தவறக்கூடிய மிகப்பெரிய விரிசல் ஒன்று, மிக மோசமான இடத்தில் ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது ஆபத்தாக வளர ஆகும் சுற்றுகளைக் கணக்கிட்டு, அதில் பாதியை மட்டும் அனுமதிப்பார். அந்த விடை 5,000 என்று வந்தால், மணிக்கு எட்டுச் சுற்று வீதம் இரண்டு ஷிப்ட் ஓடும் ஆலைக்கு நாற்பது நாள். அதற்குப் பிறகு கலனை மறுபடி திறந்து சோதிக்க வேண்டும்.